காலை நீட்டு மருமவனே

ஊருக்கு முன்னாடி உன்னை "வாங்க மாப்ளே"ன்னுதான் கூப்பிடுதேன். மவளைக் கட்டிக் கொடுத்தவன், மரியாதை கொடுக்கணும்லா. இப்ப இந்தத் திண்ணையில நீயும் நானும்தான் இருக்கோம். எனக்கு நீ அக்கா மவன். அதனால வா, போன்னுதான் பேசுவேன். கோவப்படாதே. கோவப்பட்டாலும் விருட்டுன்னு எந்திரிச்சுப் போக உனக்கு இப்ப தோதுப்படாது.

ஆஸ்பத்திரியில இருந்து வந்து நீ கார்ல இருந்து இறங்கின அழகு இருக்கே! யாராவது மாலையோட நிக்காகளான்னு ரெண்டு பக்கமும் பாத்துக்கிட்டே இறங்கினே. என் மவ ஆரத்தி எடுத்தா. அது முறை, எடுக்கட்டும். ஆரத்தித் தண்ணி வாசல்ல காயிறதுக்குள்ள, "ஆபீஸ்ல லோடு ஏத்தணும், ஒரு எட்டுப் போயிட்டு வந்துருதேன்"ன்னு பைக் சாவியைத் தேடினே பாரு, அப்பதான் எனக்குப் புரிஞ்சுது. காலுக்குத்தான் மருந்து ஏத்தியிருக்காக. தலைக்கு ஏத்த மறந்துட்டாக.

ஆஸ்பத்திரியில உன்னை அனுப்பினது நோவு தீந்துபோச்சுன்னு இல்ல மருமவனே. ஊசியில ஏத்த வேண்டியது முடிஞ்சுது, மிச்சத்தை வாயில போட்டுக்கிடலாம், அந்தக் கட்டிலுக்கு வேற ஒருத்தன் காத்துக்கிட்டு இருக்கான். அவ்வளவுதான். பாதி வைத்தியம் அங்க, பாதி வைத்தியம் இங்க. அங்க உள்ள பாதிக்கு டாக்டர் இருந்தாக, நர்சம்மா இருந்தாக, எட்டு மணிக்கு மேல லைட்டை அணைக்க ஒரு ஆயாவும் இருந்தாக. இங்க உள்ள பாதிக்கு உன் புத்தி மட்டும்தான் காவல். அதை நினைச்சாத்தான் எனக்கு உறக்கம் வர மாட்டேங்கு.

எப்படி வந்துச்சுன்னு கேக்கிற ஒவ்வொருத்தர்கிட்டயும் நீ ஒவ்வொரு கதை சொல்லுதே. தலையாரிகிட்ட "ஏதோ பூச்சி கடிச்சிருக்கு"ங்கே. வாத்தியார்கிட்ட "இப்ப ஊரெல்லாம் பரவுற வைரசாம்"ங்கே. மேலத்தெரு ஆச்சி வந்தப்ப "ரத்தத்துல கிருமி, டாக்டரே பயந்துட்டாரு"ன்னு குரலைத் தாழ்த்திச் சொன்னே. ஒரு முள்ளு குத்தி ஆஸ்பத்திரியில படுத்தேன்னு சொல்ல மீசை இடங்கொடுக்கல. எனக்குத் தெரியும்டா. பருத்திக் காட்டுக்குள்ள இறங்கும்போது புதுச் செருப்பைக் கழட்டி வரப்புல வச்சே. கரிசல் ஒட்டிக்கிடும்னு செருப்பைக் காப்பாத்தினே. சீமைக்கருவேல முள்ளு குதிகால்ல ஏறுச்சு. வீட்டுக்கு வந்து என் மவ கழுத்துல கெடந்த ஊக்கை வாங்கி நோண்டினே. நோண்டி முடிச்சு, வேட்டியில ஒரு துடைப்பு துடைச்சு, அவகிட்டயே திருப்பிக் கொடுத்தே. அவளும் வாங்கித் தாலியில மாட்டிக்கிட்டா. குழிக்குள்ள வெத்தலைச் சுண்ணாம்பை வச்சு அமுக்கினே. ஆக மொத்தம் ஆபரேசன் ஆச்சு, மருந்தும் ஆச்சு. போதாக்குறைக்கு மழைக்காலம், சுண்டுவிரல் இடுக்குல சேத்துப்புண் வெள்ளை வெள்ளையா ஊறிக்கெடந்துச்சு. முள்ளு குத்தின வழி ஒண்ணு, விரல் இடுக்கு வழி ஒண்ணு.

நம்ம பேத்தி மருந்தாளுநர் படிப்பு படிக்காள்லா, அவ சொன்னா. ஸ்ட்ரெப்டோகாக்கஸ், ஸ்டஃபிலோகாக்கஸ்னு ரெண்டு கிருமிகளாம். எங்கயோ சீமையில இருந்து வாரதில்லயாம். நம்மள்ல பல பேரு உடம்புலயே ஒண்டிக் குடியிருக்குமாம். தோல் முழுசா இருக்க வரைக்கும் வம்பு தும்பு இல்ல. சின்ன வெடிப்பு கெடைச்சா உள்ள இறங்கி, தோலுக்கு அடியில சதையோரமா பரவிரும். அதுக்குத்தான் டாக்டர் செல்லுலைட்டிஸ்னு பேரு சொன்னாரு. காலு கணகணன்னு சுடும், தொட்டா உயிர் போவும், குளிரும் நடுக்கமும் தூக்கிப் போடும். உனக்கு எல்லாம் வந்துச்சு. அப்பவும் நீ என்ன சொன்னே? "மழையில நனைஞ்சது, ஒரு காப்பி குடிச்சா சரியாப் போயிரும்." காப்பியும் குடிச்சே. முட்டி வரைக்கும் வீங்கின பெறவு காப்பி மேல பழி போட்டே.

இன்னொண்ணும் அங்க போய்த்தான் அம்பலமாச்சு. உனக்குச் சுகர் இருக்கு. "டாக்டர் இப்பதான் சொன்னாரு"ன்னு ஆச்சரியப்பட்டே. மருமவனே, 2021 ஆகஸ்ட்ல கிருஷ்ணகிரிப் பக்கம் ஒரு கிராமத்துல மக்களைத் தேடி மருத்துவம்னு சர்க்கார் ஆரம்பிச்சாக. அதுக்குன்னு வீடு வீடா வார பிள்ளை ஒண்ணு நம்ம தெருவுக்கும் வந்துச்சு. விரல் நுனியில ஒரு குத்து குத்திப் பாக்க வீடு தேடி வந்த பிள்ளைக்குப் பயந்து, மாட்டுத்தொழு வழியா வெளியேறினவன் நீ. காட்டுல முள்ளு குத்தினா பொறுப்பே, அந்தப் பிள்ளை குத்தினா பொறுக்க மாட்டே. சுகரும் இந்தக் கிருமியும் சம்பந்தகாரக மாதிரி. இவுக வீட்டு விசேசத்துக்கு அவுக வருவாக, அவுக வீட்டுக்கு இவுக போவாக. சுகர் ஏறினா புண்ணு ஆறாது. புண்ணு ஆறாட்டா சுகர் ஏறும். அதனால மாத்திரை ஊசி எதையும் நீயா கூட்டிக் குறைக்காதே. இனிமே அந்தப் பிள்ளை வந்தா மாட்டுத்தொழுவுல நான் உக்காந்திருப்பேன்.

சரி, வைத்தியத்துக்கு வாரேன். டாக்டர் உனக்குச் சொன்ன பெரிய வைத்தியம் என்ன? காலைத் தூக்கி வை. அவ்வளவுதான். படுத்துக்கிட்டு, கால் நெஞ்சு மட்டத்தைவிட உசரமா இருக்கணும். தண்ணி மேட்டுல இருந்து பள்ளத்துக்குத்தானே ஓடும்? கால்ல தேங்கின நீரு தானா இறங்கி வந்துரும். காசு கிடையாது, கசப்பு கிடையாது, ரெண்டு தலையணை போதும். நீ என்ன பண்ணுதே? வாசல்ல பைக் சத்தம் கேட்டதும் தலையணையைக் கட்டிலுக்கு அடியில தள்ளிட்டு, நாற்காலியில நிமிந்து உக்காந்து, காலைத் தொங்கப் போட்டுக்கிட்டு, "ஒண்ணுமில்லண்ணே, சும்மா லேசா ஒரு காய்ச்சல்"ங்கே. வந்தவன் காப்பி குடிச்சு, மழை பெஞ்சதுல இருந்து பஞ்சாயத்துத் தேர்தல் வரைக்கும் பேசிட்டுப் போறதுக்குள்ள காலு கொழுக்கட்டையாப் போயிருது. சாயங்காலம் என் மவகிட்ட, "வீக்கம் வத்தலயே, ஆஸ்பத்திரியில மருந்து சரியில்லயோ"ன்னு கேக்கே.

பெரியவுக முன்னாடி எப்படி மாமா காலை நீட்டுறதுன்னு கேட்டே பாரு, அதுல எனக்கு ஒரு நிமிசம் பெருமையாத்தான் இருந்துச்சு. கல்யாணத்தன்னிக்கு என் கால்ல விழச் சொன்னதுக்கே இடுப்புப் பிடிச்சுக்கிட்டுன்னு சொன்னவன், இப்பப் பெரியவுக மரியாதை பாக்கான். நானே சொல்லுதேன், நீட்டு. என் மூஞ்சிக்கு நேராவே நீட்டு. இப்ப நீயா நீட்டலைன்னு வையி, பெறவு நாலு பேரு சேந்து நீட்டிவிட்டு ரெண்டு பெருவிரலையும் சேத்துக் கட்டுவாக. அப்ப எந்தப் பெரியவரும் மரியாதை கேக்க மாட்டாரு.

நீட்டச் சொன்னாருன்னு நாள் முழுக்க மரக்கட்டையாக் கெடக்கவும் கூடாது. கணுக்காலை மேலயும் கீழயுமா ஆட்டு. மணிக்கு ஒருக்க வீட்டுக்குள்ளயே அடுப்படி வரைக்கும் நட, அங்க மூடி வச்ச சட்டியைத் திறந்து பாக்காமத் திரும்பி வா. கெண்டைச்சதை மட்டும் புதுசா இறுகி வலிச்சாலோ, மூச்சு வாங்கினாலோ அது வேற சங்கதி. ரத்தம் கட்டியிருக்கலாம், உடனே காட்டணும். ஆபீஸ் வாசல் வரைக்கும் போயிட்டு வாரதை நடைன்னு சொல்லாதே. நீ போகலைன்னா தீப்பெட்டி ஆபீஸ்ல குச்சி பத்தாமப் போயிருமா? உனக்கு முன்னாடியும் அங்க குச்சி பத்துச்சு. நீ படுத்திருந்த நாளெல்லாம் லோடு போயிருக்கு, நான் விசாரிச்சுட்டேன். "கணக்கப்பிள்ளை இல்லாம நிம்மதியா ஏத்தினோம்"னாக. உனக்குச் சொல்ல வேண்டாம்னுதான் நினைச்சேன்.

அக்கி எழுதுற விசயத்துக்கு வருவோம். காலு செவந்து கெடந்ததைப் பாத்ததும் உங்க பெரியம்மா, "இது அக்கிதான், வேளாரைக் கூட்டிட்டு வாங்க"ன்னா. நீ அப்ப என்னமாச் சிரிச்சே! "இந்தக் காலத்துல போய்க் காவியைக் குழைச்சுக் கால்ல எழுதிக்கிட்டு இருப்பாகளா"ன்னு கேட்டே. மறுநாள் ஆஸ்பத்திரியில பாக்க வாரேன், உன் கால்ல முட்டிக்குக் கீழ சுத்திவரக் கறுப்புப் பேனாவுல கோடு. பக்கத்துல தேதி, மணி. டாக்டரே எழுதிவிட்டிருக்காரு. எனக்கு வந்த சிரிப்பை ஆஸ்பத்திரின்னு அடக்கிக்கிட்டேன். வேளார் எழுதினா மூடநம்பிக்கை, எம்.பி.பி.எஸ். எழுதினா வைத்தியம்.

அப்படின்னு ஒரு நாள் முழுக்கக் கேலி பண்ணிட்டு, பெறவு பேத்திகிட்ட விளக்கம் கேட்டேன். அந்தக் கோடு குணப்படுத்துறதுக்கு இல்லயாம், வேவு பாக்கிறதுக்காம். செவப்பு கோட்டுக்கு உள்ள சுருங்குதா, கோட்டைத் தாண்டுதான்னு பாக்கணும். மருந்து ஆரம்பிச்ச மொத ஒரு நாள் ரெண்டு நாள் கொஞ்சம் தாண்டினாலும் தாண்டுமாம், அதுக்கு மேல தாண்டினா மருந்தை மாத்தணுமான்னு டாக்டர் யோசிப்பாராம். எல்லைக்கல்லு ஊன்றது நமக்குத் தெரியாததா? இப்படி அருமையான கோட்டை வீட்டுக்கு வந்த மறுநாளே என் மவ தேங்காநாரும் சோப்பும் போட்டுத் தேய்ச்சு அழிச்சுட்டா. "அழுக்கா இருந்துச்சுப்பா"ங்கா. பேத்தி வந்து தலையில அடிச்சுக்கிட்டு மறுபடி வரைஞ்சா. அந்தக் கோட்டைக் காலையில ஒருக்க, சாயங்காலம் ஒருக்கப் பாரு. நம்ம நிறத்துக்குச் செவப்பு செவப்பாத் தெரியாது மருமவனே. கருஞ்செவப்பாவோ கத்தரிக்கா நிறமாவோ கெடக்கும். அதனால கண்ணை மட்டும் நம்பாதே, புறங்கையை வச்சுப் பாரு. அந்தக் கால்ல சூடு எதுவரைக்கும் இருக்கு, இந்தக் கால்ல எப்படி இருக்குன்னு தெரிஞ்சுபோவும். வீக்கம் வத்த வத்தத் தோலு சுருங்கி உரியும். உரியிறதைப் பாத்து "மாமா, பாம்பு கணக்கா ஆயிட்டேன்"னு அலறாதே, பிய்க்கவும் செய்யாதே. அந்தக் கருப்பு மறையக் கொஞ்ச மாசம் ஆகும். உன்னைப் பொண்ணு பாக்க யாரும் வரப்போறதில்ல.

பாக்க வாரவுக கதை தனிக்கதை. ஆளுக்கு ஒரு பை, பைக்கு ஒரு ஹார்லிக்ஸ் பாட்டில். ஒரு பாக்கெட் பிரெட்டு. சாத்துக்குடி. உங்க சித்தப்பா மட்டும் கடலைமிட்டாய் ஒரு கிலோ. கோவில்பட்டிக் கடலைமிட்டாய்க்கு 2020-ல புவிசார் குறியீடு கெடைச்சதுல நம்ம எல்லாருக்கும் பெருமைதான், இல்லேங்கல. அந்தப் பெருமையைச் சுகர்காரன் கட்டில்ல கொண்டுவந்து வச்சா நிரூபிக்கணும்? பிரிக்காத ஹார்லிக்ஸ் பாட்டில் எதையும் தொடாதே. அடுத்து யாரு ஆஸ்பத்திரியில படுத்தாலும் நீ பார்க்கப் போகணும்லா, அப்ப உதவும். போன வாரம் உனக்கு வந்ததுல ஒரு பாட்டிலை நான் ஏற்கனவே பாத்திருக்கேன். என் கண்ணு ஆபரேசனுக்கு வந்த பாட்டில் அது. மூடியில அதே கீறல்.

சாமானோட நிறுத்தினாப் பரவாயில்ல. ஆளுக்கு ஒரு பத்தியமும் கொண்டு வாராக. கத்தரிக்கா கூடாது, கரப்பான். கருவாடு கூடாது, ஊரல் எடுக்கும். பருப்பு கூடாது, சீழ் வைக்கும். முட்டை கூடாது, அதுவும் சீழ் வைக்கும். மோரு கூடாது, குளிர்ச்சி. மாம்பழம் கூடாது, சூடு. எல்லாரும் விலக்கச் சொன்னதையெல்லாம் விலக்கிப் பாத்தா மிஞ்சுறது சுடுதண்ணியும் திருநீறும்தான். அதைத் தின்னு எந்தப் புண்ணும் ஆறினதாக் கேள்வியில்ல. முட்டையும் பருப்பும் மீனும்தான் சதை வளர்க்கும், புண்ணை மூடும். சோத்தைக் குறைச்சு காய்கறியைக் கூட்டு. மிளகு ரசம் வை, குடி. நாக்குக்கு ருசி வரும். உப்பும் இனிப்பும் டாக்டர் சொன்னபடி. இதுல பேச இதுக்கு மேல ஒண்ணும் இல்ல.

மாத்திரைதான் எனக்குக் கவலை. காய்ச்சல் விட்டுருச்சு, வீக்கம் பாதி போயிருச்சு, வயிறு லேசாக் கடமுடங்குது, உடனே நீ மாத்திரைப் பட்டையை எடுத்து டிவிப் பெட்டிக்குப் பின்னால ஒளிச்சு வச்சுட்டே. என் மவ கண்ணுல படாது, என் கண்ணுல படும். அந்தப் பட்டையில செவப்பா ஒரு கோடு கெடக்கு, பாத்தியா? டாக்டர் சீட்டு இல்லாம வாங்கக் கூடாது, சொன்னபடி சாப்பிடணும்னு அர்த்தம். அழகுக்குப் போட்டதில்ல. வயிறு கடமுடங்குதா, சாப்பாட்டோட சேத்துப் போடு. தண்ணியாப் பல தடவை போகுதா, டாக்டருக்குப் போன் பண்ணிச் சொல்லு. அவரு நிறுத்தச் சொன்னா நிறுத்து, மாத்தச் சொன்னா மாத்து. அவரு பத்து நாள்னா பத்து நாள். அதைக் கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம்.

பேத்தி ஒரு கதை சொன்னா, கேளு. பெனிசிலின்னு ஒண்ணு இருக்குன்னு ஃபிளெமிங் 1928-ல கண்டுபிடிச்சாரு. அதை மருந்தாக்க மேல ஒரு பத்து வருசத்துக்குக் கூடவே ஆச்சு. 1941-ல ஆக்ஸ்போர்டுல ஒரு போலீஸ்காரர், ஆல்பர்ட் அலெக்சாண்டர்னு பேரு. உனக்கு வந்த கிருமிகளோட வகையறாதான் அவருக்கும். முகமெல்லாம் சீழ், ஒரு கண்ணையே எடுத்துட்டாக. பிப்ரவரியில மொத ஊசி போட்டாக. ரெண்டொரு நாள்ல காய்ச்சல் இறங்குச்சு, எந்திரிச்சு உக்காந்து சாப்பிட்டாரு. ஆனா உலகத்துலயே மருந்து அவ்வளவுதான் இருந்துச்சு. பத்தாம, அவரு பேஞ்ச மூத்திரத்தைப் பிடிச்சு, சைக்கிள்ல வச்சு ஆய்வுக்கூடத்துக்குக் கொண்டு போய், அதுல இறங்கின மருந்தைப் பிரிச்செடுத்துத் திரும்ப அவருக்கே ஏத்தினாகளாம். அதுவும் தீந்துபோச்சு. நோவு திரும்ப மூண்டுச்சு. மார்ச் மாசம் செத்துப்போனாரு. மருந்து இல்லாமச் செத்தான் அந்த மனுசன். உனக்கு டிவிக்குப் பின்னால பட்டை பட்டையாக் கெடக்கு.

இதே ஃபிளெமிங், 1945-ல நோபல் பரிசு வாங்கப் போன இடத்துல இன்னொரு கதை சொன்னாராம். ஒருத்தனுக்குத் தொண்டைவலி. அவனா மருந்து வாங்கி, கொஞ்சமாப் போட்டுக்கிட்டான். கிருமி சாகல. மருந்துக்குப் பழகிக்கிட்டுது. பழகின கிருமி அவன் பொஞ்சாதிக்கு ஒட்டிக்கிட்டுது. அவளுக்கு அதே மருந்தைக் கொடுத்தாக, கேக்கல. அவ செத்துப்போனா. கவனிச்சியா மருமவனே? அரைகுறையா மருந்து சாப்பிட்டவன் அவன். செத்தது அவன் பொஞ்சாதி. உன் பொஞ்சாதி என் மவ. இதுக்கு மேல நான் விளக்கமாப் பேச வேண்டியதில்லைன்னு நினைக்கேன்.

மாத்திரை ஒளிக்கிற ஆளு, மெடிக்கல்ல செட்டு மாத்திரை வாங்கித் திங்கவும் துணிவே. காகிதத்துல மடிச்சுத் தருவான்லா, செவப்பு ஒண்ணு, வெள்ளை ஒண்ணு, மஞ்சள் பாதி. உள்ள என்ன இருக்குன்னு கொடுத்தவனுக்கும் தெரியாது, திங்கிறவனுக்கும் தெரியாது. அதுல ஸ்டீராய்டு கெடந்தா காய்ச்சலை மறைக்கும், சுகரை ஏத்திவிடும். "போட்ட உடனே கேக்குது மாமா"ம்பே. கேக்கத்தான் செய்யும். அடுத்த வீட்டு மாரியப்பனுக்குப் பல்லுவலின்னு உன் மாத்திரையில ரெண்டு தானம் பண்ணினியே, அந்தப் புண்ணியமும் இனி வேண்டாம்.

என் மவளைப் பத்தி ஒண்ணு. நீ கட்டில்ல படுத்திருந்தே, அவ கட்டிலுக்கு அடியில பாய் விரிச்சுப் படுத்திருந்தா. சொட்டு மருந்து பாட்டில் காலியாகுதான்னு ராத்திரி முழுக்க அண்ணாந்து பாத்தது அவ கண்ணு. வென்ஃப்ளான் போட்ட கையை நீ உறக்கத்துல இழுத்துக்கிடாம பிடிச்சுக்கிட்டே இருந்தது அவ கை. நீ வீட்டுக்கு வந்ததும் "சோர்வா இருக்கு"ன்னு படுத்தே, படு, உள்ளபடிக்கே சோர்வு இருக்கத்தான் செய்யும். இப்படி ஒரு கிருமி வந்துட்டுப் போனா ஆளை வாரக்கணக்குல பிழிஞ்சு போட்டுட்டுத்தான் போவும். மத்தியானம் உறங்கு. ராத்திரி உறக்கம் வரலைன்னா வரலைன்னு விடு. ஆனா அவளுக்கும் சோர்வு இருக்கும்னு இந்த வீட்டுல யாராவது சொன்னாகளா? தண்ணிச் செம்பு உன் தலைமாட்டுல இருக்கு. அதை எட்டி எடுக்கக் கால் வேண்டாம், கை போதும். அதுக்கு அவளைக் கொல்லைப்புறத்துல இருந்து கூப்பிடாதே. உங்க அக்காவை ஒரு நாலு நாள் வந்து இருக்கச் சொல்லியிருக்கேன். அவ சமையல் உனக்குப் பிடிக்காது. அதுவும் சுகருக்கு நல்லது.

பாதத்தைக் கவனி. குளிச்சதும் ஒவ்வொரு விரல் இடுக்கையும் பழைய வேட்டித்துணியால ஈரம் இல்லாமத் துடை. சேத்துப்புண்ணுக்குக் கொடுத்த களிம்பை, புண்ணு மறைஞ்சதும் நிறுத்தாம சொன்ன நாள் வரைக்கும் தடவு. கதவே அதுதான். அது திறந்து கெடந்தா இதே கூத்து மறுபடி வரும். ஒருக்க வந்த கால்ல திரும்ப வாரது ரொம்ப சகஜம்னு டாக்டரே சொன்னாரு. குதிகால் வெடிப்புக்கு வாசலின் போடு, விரல் இடுக்குல மட்டும் போடாதே. வீட்டுக்குள்ளயும் செருப்பு. சாமி ரூமுக்குள்ள வேணும்னா கழட்டு, சாமி கோவிச்சுக்கிடாது. காட்டுல கழட்டாதே, முள்ளு கோவிச்சுக்கிடும். காட்டுக்குப் போறதே இந்த மழை முடியற வரைக்கும் வேண்டாம். பருத்தி உன்னைக் கேட்டு வெடிக்கப் போறதில்ல.

டிஸ்சார்ஜ் சம்மரிக் காகிதத்தை நீ மளிகைச் சிட்டைகூடச் சேத்து அரிசிப்பானையில வச்சிருக்கே. எடுத்து, பேத்தியை விட்டுப் போன்ல படம் பிடிச்சு வை. திரும்பக் காட்டச் சொன்ன தேதி அதுல இருக்கு. "நல்லாத்தானே இருக்கு, எதுக்கு பஸ் செலவு"ன்னு இழுக்காதே. பஸ் காசு நான் தாரேன். வரதட்சணையில விட்டுப்போன பாக்கின்னு வச்சுக்க.

கடைசியா இது மட்டும் விளையாட்டு இல்ல. கோட்டைத் தாண்டிச் செவப்பு மேல ஏறினாலோ, திரும்பக் குளிரு நடுக்கித் தூக்கினாலோ, தோலு கறுத்துக் கொப்புளம் போட்டாலோ, வலி வீக்கத்துக்கு மீறி உயிர் போனாலோ, மூத்திரம் குறைஞ்சாலோ, மூச்சு இரைச்சாலோ, நீ சம்பந்தமில்லாம உளற ஆரம்பிச்சாலோ விடியட்டும்னு காத்திருக்கக் கூடாது. உளறுறது வழக்கமானதா புதுசான்னு கண்டுபிடிக்கிற பொறுப்பை என் மவகிட்டச் சொல்லியிருக்கேன். அந்த நேரத்துல வேளாருக்கும் சொல்லிவிட வேண்டாம், எனக்கும் போன் அடிக்க வேண்டாம். நான் ராத்திரி எட்டு மணிக்கே போனை அணைச்சுட்டுப் படுக்கிறவன். 108-க்கு அடி. 2008-ல இருந்து நம்ம ஊருப்பக்கம் ஓடுது, காசு வாங்க மாட்டாக, ராத்திரியிலயும் எடுப்பாக.